பத்து நிமிஷ இடைவேளை

மலர்க்கொடி உள் ரூமுக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

தானாக வந்த அமைதி அல்ல அது. மூன்று வாரமாகத் திட்டம் போட்டு உண்டாக்கியது. கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்தாயிற்று. நாயை ஆற்றங்கரைத் தோப்பில் கொண்டுபோய்க் கட்டியாயிற்று. மீன்காரர் இந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார். கோயில் மைக்செட் மத்தியானம் வரைக்கும் வாய் திறக்காது. அதற்கு மைக்செட்காரரோடு ஒரு சண்டையே நடந்தது. கரண்டு போனால் இன்வெர்ட்டர். ஒரு நெட் போனால் இன்னொரு நெட்.

லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும் கேமராவில் காட்டினாள். மேசைக்கு அடியில் காட்டினாள். காதைக் காட்டினாள், சுடிதார் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிக் காட்டினாள். சாமி படங்களை எல்லாம் அப்பா நேற்றே கழற்றிவிட்டார். ஆணிகள் மட்டும் வெறும் சுவரில் நின்றன. கதவு உள்ள ஒரே ரூம் இது. சாமி மாடம், விளக்கு, நெல்மூட்டை, பரீட்சை எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான்.

எதிர்ப்பக்கம் இருக்கிற கண்காணிப்பாளருக்கு முகம் கிடையாது. எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ தெரியாது. திரையின் ஓரத்துப் பெட்டியில் எழுத்துதான் வரும். ‘தொடங்கலாம். இனி எழுந்திருக்கக் கூடாது. பேசக் கூடாது. வேறு யாரும் அறைக்குள் வரக் கூடாது. நடுவில் பத்து நிமிஷ இடைவேளை ஒன்று உண்டு.’

மலர்க்கொடி உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சர்டிபிகேட். ஒரு வேலையை எப்போது தொடங்கி, யாரை வைத்து, எவ்வளவு செலவில், எந்தத் தேதிக்குள் முடிப்பது என்பதைப் படித்துத் தேறியவள் என்று ஒரு காகிதம். அப்பா சாமிதுரைக்கு இதை விளக்கியபோது அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “மேஸ்திரி வேலைதானே ஆயி, மேஸ்திரிக்கா பரீட்சை வெக்கிறானுவ?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சென்னைக் கம்பெனியில் ஒன்பது வருஷமாக மேஸ்திரி வேலையைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள். பெயர் மட்டும் கோஆர்டினேட்டர். திட்டம் இவளுடையது, திட்டு இவளுக்கு, கடைசியில் கையெழுத்து மட்டும் மேனேஜர் என்று ஒருவர் போடுவார்.

இப்போது அந்த மேனேஜர் நாற்காலி காலி. சர்டிபிகேட் இருந்தால் தை முடிவதற்குள் அவளுக்கு. இல்லாவிட்டால் நெடுமாறனுக்கு. எக்செலில் எப்படிக் கோடு போடுவது என்று அவனுக்குக் கற்றுக் கொடுத்ததே மலர்க்கொடிதான். அவன் போன வருஷமே பரீட்சை எழுதி வாங்கிவிட்டான். இன்னொரு விஷயமும் இருந்தது. மேனேஜர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். கோஆர்டினேட்டர்கள் சித்திரை முதல் சென்னைக்கு வந்துவிட வேண்டும். கணவன் வளவன் கத்தாரில். மகள் எழில்மொழி பாபநாசத்தில் ஆறாம் வகுப்பு. இந்த வீட்டை விட்டுப் போனால் யாரை எங்கே விடுவது என்று எந்தச் சார்ட்டிலும் அவளால் கோடு போட முடியவில்லை.

ஒரு தடவை எழுதித் தோற்றாகிவிட்டது. திருச்சி சென்டரில் தை முடியும்வரை இடமில்லை. வீட்டிலிருந்து எழுதுவதுதான் ஒரே வழி.

முதல் கேள்வி திரையில் வந்தது. அவள் குனிந்தாள்.

அதே நேரத்தில் வாசலில் சாமிதுரையின் போன் அதிர்ந்தது. ரிங் சத்தத்தை மகள் காலையிலேயே அடைத்து வைத்திருந்தாள்.

எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். எதிர்முனையில் லியாகத் அலி, ராஜகிரிக்காரர். இந்தச் சுற்று வட்டாரத்துக்கு அறுப்பு மிஷின் ஏற்பாடு செய்கிறவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பக்கத்து ஊரில் வயல் சேறாக இருக்கிறது, சேற்றுக்கென்றே உள்ள பெல்ட் மிஷினே இறங்கவில்லை, அதனால் நாளைக்கு வரவேண்டிய வண்டி இன்றைக்கே சாமிதுரை வயலுக்குக் கிளம்பிவிட்டது. வேண்டாமென்றால் திருப்பனந்தாள் பக்கம் போய்விடும். போனால் ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் திரும்பாது.

“நாளைக்குன்னுதானே பாய் பேச்சு? எம் பொண்ணு நோட்டுல எழுதி உங்ககிட்ட கையெழுத்தே வாங்குச்சே.”

“வாங்குச்சுண்ணே. நானும் போட்டேன். வானத்துகிட்ட யாருண்ணே கையெழுத்து வாங்கினது? அண்ணாந்து பாருங்க.”

பார்த்தார். கிழக்கே கடல் பக்கம் வானம் ஈயப் பாத்திரம் மாதிரி கறுத்துக் கிடந்தது. வங்கக் கடலில் ஏதோ தாழ்வு என்று காலையில் டீவியிலும் சொன்னார்கள். வயலில் ஆயிரத்தொன்பது ரக நெல், கதிர் கனத்துப் பாதி படுத்தாயிற்று. இன்னொரு மழை விழுந்தால் முளைத்துவிடும். வரச் சொல்லிவிட்டார்.

அரைமணி நேரத்தில் மிஷின் வந்தது. வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் வயல்தான். டிரைவர் பிரபு, ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், சீசனுக்காக டெல்டாவுக்கு வந்து வண்டியிலேயே தூங்கி எழுகிறவன். வயல் மடையில் வண்டியை நிறுத்தி, இறங்கட்டுமா என்று சைகை காட்டினான்.

சாமிதுரை இறங்கு என்று சொல்லவில்லை. மனைவி கண்ணாத்தாளைத் திரும்பிப் பார்த்தார். மகள் உள்ளே இருப்பது அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

வயலின் வடகிழக்கில், சனிமூலையில், வீட்டுப் பெண் முதல் கை கதிரை அரிவாளால் அறுத்தெடுத்த பிறகுதான் வயலில் மற்ற அறுப்பு. மிஷின் வந்தபிறகும் அது மாறவில்லை. வருஷா வருஷம் கண்ணாத்தாள் அறுப்பாள். இந்த வருஷம் அவளால் முடியாது. சாமிதுரையின் பெரியப்பா மகன் அமிர்தலிங்கம் இறந்து ஆறு நாள்தான் ஆகிறது. பங்காளி வீடு. காரியம் முடிகிறவரை இவர்கள் இருவருக்கும் தீட்டு. தெருவில் பாதி வீட்டுக்குத் தீட்டு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மட்டும் அது மூன்றாம் நாளோடு விட்டது. அந்த வீட்டில் கதிரைத் தொடக்கூடிய கை ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. அது தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் கேள்விக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தது.

பிரபு வண்டியை விட்டு இறங்கி வந்தான். நின்றால் மணிக்கணக்கு ஓடும், ஓனர் கேட்பார், அடுத்த ஊர்க்காரன் போனில் கத்துகிறான் என்று அடுக்கினான். கடைசியில், “பெருசு, நான் எத்தன வயல் அறுத்திருக்கேன், எவன் இதெல்லாம் பாக்கறான்? நீங்களே ஒரு கை புடுங்கிப் போட்டுட்டு விடுங்க” என்றான்.

சாமிதுரை கோபப்படவில்லை. வரப்பில் குந்தினார்.

“தம்பி, இதே வயல்ல எங்கப்பாரும் ஆத்தாளும் கூலிக்கு அறுத்தாங்க. நானும் அறுத்திருக்கேன். பண்ணை வீட்டம்மா குளிச்சு, சாப்பிட்டு, வில்லு வண்டி கட்டி வந்து முதல் கதிர் அறுக்கிற வரைக்கும் முப்பது பேரும் இந்த வரப்புலதான் நிப்போம். வெயில் உச்சிக்கு வந்துடும். ஒருத்தரும் உள்ள கால் வெக்க முடியாது. அந்த நெலத்தத்தான் நான் வாங்கினேன். அந்தம்மாவுக்கு நின்னேன். எம் பொண்ணுக்கு நிக்க மாட்டனா?”

பிரபு போய் வண்டி நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

கண்ணாத்தாளுக்குத்தான் ஞாபகம் வந்தது. காலையில் மகள் சொல்லியிருந்தாள், நடுவில் ஒரு தடவை வெளியே வருவேன், பத்து நிமிஷம்தான், டீயை ஆற்றி வை என்று. அதை வேகமாகப் போய்ப் புருஷன் காதில் சொன்னாள். அரிவாளைக் கழுவி வாசற்படியில் வைத்தார்கள். கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே மலர்க்கொடிக்கு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அவளே நம்பாத அளவுக்கு நன்றாக. ‘திட்டத்தில் சம்பந்தப்பட்ட ஒருவரை மேனேஜர் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார். முதலில் என்ன செய்ய வேண்டும்?’ என்று ஒரு கேள்வி வந்தது. நாலு பதிலில் சரியானதைச் சட்டென்று தட்டினாள். அதற்குப் பிறகும் நாலைந்து கேள்வி. இடைவேளை வந்தது. திரையில் பத்து நிமிஷம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது.

கதவைத் திறந்தாள். “டீ எங்கம்மா?”

டீ இல்லை. அப்பா நின்றார். அம்மா நின்றாள். காலடியில் அரிவாள் கிடந்தது. கொல்லைக்கு அப்பால் பச்சை நிறத்தில் மிஷினின் தலை தெரிந்தது.

“ஆயி, ஒரே ஒரு கை. அறுத்துட்டுப் போயிடு.”

ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை. அடுத்த நொடி எல்லாம் புரிந்தது. மிஷின் ஏன் இன்றைக்கு, அம்மா ஏன் ஒதுங்கி நிற்கிறாள், அப்பா முகம் ஏன் அப்படி இருக்கிறது எல்லாம். அதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கத்த வாயெடுத்தாள். கத்துவதற்கும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இடம் இருந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கொல்லை, வாய்க்கால், வாய்க்காலில் போட்ட தென்னைமரப் பாலம். வரப்பில் கால் வழுக்கி முழங்கால் வரைக்கும் சேறு. பிரபு பீடியை எறிந்துவிட்டு எழுந்து நின்றான். சனிமூலையில் கிழக்கே பார்த்துக் குனிந்து, இடது கையில் கொத்தாகப் பிடித்து, வலது கையால் இழுத்தாள். படுத்த கதிர், ஈரத் தாள், அரிவாள் முதலில் பிடிக்கவில்லை. இரண்டாம் இழுப்பில் அறுந்தது. ஒரு கை நிறையக் கதிர். திரும்பி ஓடும்போது பின்னால் மிஷின் உறுமிக்கொண்டு வயலுக்குள் இறங்கியது.

வாய்க்காலில் காலை அலசினாள். வாசற்படி ஏறினாள். கதிரை யாரிடம் கொடுப்பது? அம்மா கையை நீட்டவில்லை, அப்பாவும் நீட்டவில்லை. அவர்கள் வாங்கக் கூடாது. தரையில் வைக்கக் கூடாது. முதல் கதிர் வயலிலிருந்து நேராக மாடத்துக்குப் போக வேண்டும். மாடம் உள் ரூமில். பரீட்சையும் உள் ரூமில்.

கதவு நிலையில் செருகிவிட்டுப் போயிருக்கலாம் என்று பிற்பாடு நூறு தடவை தோன்றியது. அப்போது தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து எப்படிப் பார்த்தாளோ அப்படியே கதிரோடு உள்ளே போனாள், தாழ்ப்பாளைப் போட்டாள், கேமரா முன்னால் உட்கார்ந்தாள். திரையில் எண்கள் பூஜ்யத்தைத் தொட்டன. அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள்.

கண்காணிப்பாளரும் பார்த்துவிட்டார்.

‘உங்கள் கையில் என்ன?’

அவள் ஒரு கையால் தட்டினாள். ‘நெல்.’

‘விளங்கவில்லை. அது என்ன பொருள்?’

‘அரிசி. செடியில் இருக்கும்போது.’

கேள்வி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வந்தது: ‘அனுமதி இல்லாத பொருள். அதை அறைக்கு வெளியே கொண்டுபோகவும்.’

அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

‘இருக்கையை விட்டு எழக் கூடாது. எழுந்தால் தேர்வு முடித்துவைக்கப்படும்.’

உட்கார்ந்தாள். வெளியே கொண்டுபோக வேண்டும், ஆனால் எழக் கூடாது. யாரையாவது கூப்பிட்டுக் கொடுக்கலாம் என்றால் பேசக் கூடாது, யாரும் வரவும் கூடாது. எட்டிய தூரத்தில் இருப்பது தரை ஒன்றுதான். காலடியில் போட்டுவிட்டு எழுதலாம். ஒரு வினாடி வேலை. யாருக்குத் தெரியப்போகிறது?

வெளியே மிஷின் சத்தம் ஒரு ஓட்டம் போய்த் திரும்பி வந்தது. இத்தனை நேரம் அப்பா அதை நிறுத்தி வைத்திருந்தது இந்த ஒரு கை கதிருக்காக என்று அவளுக்குத் தெரியும். அவள் கை தரைப் பக்கம் இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது.

காற்றுக்காக ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்த ஜன்னலுக்கு வெளியே நிழல் ஒன்று அசைந்தது. மூச்சைவிட மெதுவாக அம்மாவின் குரல்.

“மலரு, கீழ மட்டும் வச்சிடாத.”

நிழல் போய்விட்டது. மலர்க்கொடி ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பக் கூடாது. கையை உயர்த்தினாள், கதிர்களைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோனாள், பூ வைக்கிற மாதிரி சடையின் மேல்கட்டில் செருகிக் கொண்டை ஊசியால் அழுத்தினாள். இரண்டு வெறுங்கைகளையும் கேமராவுக்குக் காட்டினாள்.

பெட்டியில் புள்ளிகள் ஓடின, நின்றன, ஓடின. அங்கே யாரோ யாரையோ கேட்கிறார்கள் போலிருந்தது.

‘அது தலையில் அணியும் அலங்காரமா?’

‘ஆம்.’

‘உங்கள் பகுதி வழக்கமா?’

அவள் வயிறு குலுங்க வந்த சிரிப்பைப் பல்லைக் கடித்து அடக்கினாள். ‘ஆம்.’

‘தொடரலாம்.’

தொடர்ந்தாள். கழுத்தில் நெல்மணி குத்தியது. சுணை பட்டுத் தோள் அரித்தது. சொரிந்தால் காதில் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று சொரியவில்லை. எந்த மிஷின் சத்தத்துக்குப் பயந்து மூன்று வாரம் திட்டம் போட்டாளோ அந்த மிஷின் கொல்லைக்கு அப்பால் இரைந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிக் கண்காணிப்பாளர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன நேரத்தை ஓடிப் பிடித்தாள். கடைசிக் கேள்விக்குப் பதில் தட்டியபோது, தேறிவிட்டோம் என்று உள்ளங்காலிலிருந்து ஒரு சூடு ஏறியது.

திரை வெளுத்தது. ‘உங்கள் தேர்வு முடிந்தது. பதிவு பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது. முடிவு பின்னர் தெரிவிக்கப்படும்.’

போன தடவை இப்படி வரவில்லை. போன தடவை உடனே, நேராக, தோல்வி என்று வந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தால் யாரும் எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மிஷின் போய்விட்டிருந்தது. ரோட்டோரம் கொட்டிய நெல்லின் மேல் அப்பாவும் அம்மாவும் தார்ப்பாயின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மூன்றாவது முனைக்கு ஓடினாள். கண்ணாத்தாள் நிமிர்ந்து மகளின் தலையைப் பார்த்தாள்.

“அத மொதல்ல சாமிகிட்ட வச்சிட்டு வா.”

மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் மூவரும் வாசல் தாழ்வாரத்தில் நனைந்த துணியோடு டீ குடித்தார்கள். எழில்மொழி பள்ளிக்கூடம் விட்டு வந்து பாட்டி தட்டிலிருந்த முறுக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடக்கி வைத்திருந்ததை மலர்க்கொடி அப்போதுதான் கேட்டாள். காலையிலேயே ஏன் சொல்லவில்லை? நாளைக்கு மிஷின் வந்திருந்தாலும் அவள்தானே அறுத்திருக்க வேண்டும்? இதை யோசிக்க இந்த வீட்டில் ஒரு ஆள்கூடவா இல்லை? சுவரில் சார்ட் ஒட்டி, என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று ஒன்று விடாமல் கேட்டுக் கேட்டு எழுதினாளே, அப்போது வாயில் என்ன இருந்தது?

சாமிதுரை டம்ளருக்குள் பார்த்தார். கண்ணாத்தாள்தான் பேசினாள்.

“எழுதினியே. நானும் பாத்தேன். எனக்கும் நாலு எழுத்து தெரியும். உங்க பெரியப்பா செத்தன்னிக்கு என்ன எழுதின?”

மலர்க்கொடிக்கு நினைவு வந்தது. கரண்ட், நெட், நாய், மைக்செட், மிஷின் என்று போன வரிசையில், அமிர்தலிங்கம் பெரியப்பா இறந்த அன்று மத்தியானம் சிவப்பு ஸ்கெட்சில் ஒரு வரி சேர்த்தாள். சாவு வீடு, பறை, சத்தம். அடக்கம் முடிந்த மறுநாள் அதன் எதிரே முடிந்தது என்று பச்சையில் டிக் அடித்தாள். பரீட்சை அன்றைக்கு வராமல் முன்னாடியே வந்ததே என்று ஒரு நிம்மதிகூட இருந்தது.

“அவுருதான் உன்ன மொத மொத பாபநாசத்துக்கு சைக்கிள்ல பின்னாடி வச்சிக் கூட்டிக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல வுட்டாரு. அவுரு செத்தது உனக்கு சத்தம். நீயே அப்படி எழுதி டிக்கும் அடிச்சப்புறம் தீட்டு, கதிருன்னு நாங்க எந்த வாயால சொல்லுறது?”

“வுடு கண்ணாத்தா” என்றார் சாமிதுரை.

“நான் என்னத்த சொன்னேன். டீ ஆறுது, குடிக்கச் சொல்லு.”

அவளுக்குப் பதில் இருந்தது. பரீட்சைக்குப் படித்ததில் இல்லாத பதில் எது இருக்கிறது? சம்பந்தப்பட்ட எல்லாரையும் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும், செத்தவர் உட்பட. அந்தக் கேள்விக்கு அன்றைக்கே சரியாகத் தட்டியிருந்தாள். டீயைக் குடித்தாள். இனிப்பே இல்லை.

மழை விட்டதும் கொள்முதல் நிலையத்தில் அடுத்த கூத்து. நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டினால் ஈரம் பார்க்கிற மெஷினை வைத்துப் பார்த்துவிட்டு, ஈரம் அதிகம், காய வைத்துக் கொண்டுவா என்றார்கள். காய வைத்தால் சாயங்காலம் தூறியது. மூடினால் உள்ளே வேர்த்தது. மறுநாள் திறந்து காய வைத்தால் சாக்கு வரவில்லை என்றார்கள். ஊர் நெல் முழுக்கச் சாலையோரம் தார்ப்பாய் மூடிக் கிடந்தது, ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு ஆள் குடையோடு. மலர்க்கொடி லேப்டாப்பை வீட்டில் விட்டுவிட்டு, அலுவலக வேலையைப் போனிலேயே பார்த்துக்கொண்டு, அப்பாவுக்கு மாற்றாகக் குவியலுக்குக் காவல் உட்கார்ந்தாள். ஜெக்கரியா சார், அவளுடைய டிவிஷன் ஹெட், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்டார், ரிசல்ட் வந்ததா என்று. பரிசீலனையில் இருக்கிறது சார் என்றாள். நெல்லு என்னாச்சு என்று வளவன் கத்தாரிலிருந்து கேட்டான். அதுவும் பரிசீலனையில்தான் இருக்கு என்றாள். அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் நல்ல வெயில். தார்ப்பாயை விலக்கி நெல்லைப் பரப்பி, வெறுங்காலால் இழுத்து இழுத்துக் கோடு போட்டபடி நடந்துகொண்டிருந்தாள். மேல் நெல் அடியிலும் அடி நெல் மேலேயும் வர வேண்டும். பாதி நடையில் போன் அதிர்ந்தது. மெயில்.

தேர்வு ரத்து. மதிப்பெண் கணக்கிடப்படாது. விருப்பமிருந்தால் புதிதாகத் தேதி எடுத்து மறுபடி எழுதலாம்.

நெல்லுக்கு நடுவிலேயே நின்று காரணத்தைத் தேடிக் கீழே இறக்கினாள். நெல்தான் என்று நினைத்தாள். சடையில் செருகியது, அலங்காரம் என்று புளுகியது. இல்லை. அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மிஷின் சத்தத்தைப் பற்றியும் இல்லை. ஒரே வரி: இடைவேளைக்குப் பிறகு, தேர்வர் இருந்த இடத்தில் இன்னொருவரின் குரல் பதிவாகியிருக்கிறது, தேர்வருக்கு ஏதோ அறிவுரை சொல்லப்பட்டிருக்கிறது, அதைக் கேட்டுத் தேர்வர் தன் செயலை மாற்றியிருக்கிறார்.

மூன்று தடவை படித்தாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ஜெக்கரியா சாருக்கு அப்படியே அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார், இந்த முறை நெடுமாறனை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும் என்றார். சென்னைக்கு வருவதைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம் என்று வைத்துவிட்டார். அவள் போனை இடுப்பில் செருகினாள். கால் தானாக நெல்லை இழுக்கத் தொடங்கியது. கோடு நேராக வரவில்லை.

தூரத்தில் கண்ணாத்தாள் தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். புளியமர நிழலில் வாளியை இறக்கி, பழைய சோறும் வற்றலும் எடுத்து வைத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததுமே கேட்டாள்.

“வந்துட்டுதா?”

“ம்.”

“போச்சா?”

“போச்சு.”

கண்ணாத்தாள் நெல்லருகே குனிந்தாள். ஒரு கை அள்ளி, விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, கீழே விட்டாள். பிறகு, கேட்கவே பிடிக்காத குரலில் கேட்டாள்.

“கதிரால தானா மலரு? உங்கப்பா அன்னிலேருந்து சரியா சாப்புடல. நான் நிறுத்தி வச்சதுனாலதான்னு பொலம்பிக்கிட்டே இருக்காரு. பெரியப்பா காரியத்துக்கு முன்னாடி இதுவேற.”

மலர்க்கொடி வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம். ரத்தானது கதிரால் இல்லை, அப்பாவால் இல்லை, உன்னால். ஐந்து நொடி வாயை மூடிக்கொண்டு நிற்க உனக்கு முடியாமல் போனதால். சொன்னால் மனசு கொஞ்சம் ஆறும். சொல்லுவதற்குக்கூட உரிமை இருக்கிறது. அம்மா கையில் நெல்தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைச் சேலையில் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கதிரெல்லாம் இல்லம்மா” என்றாள். “நெட்டு. பாதியில போயிடுச்சாம்.”

“ரெண்டு நெட்டுமா?”

“ரெண்டும்.”

கண்ணாத்தாளுக்கு உயிர் வந்தது. அந்த நெட்டுக்காரன் வந்து கம்பியைக் கட்டிய அன்றைக்கே தனக்குச் சந்தேகம்தான் என்றாள். முருங்கை மரத்தில் கொண்டுபோய்க் கட்டுவானா ஒருத்தன், காற்றடித்தால் ஆடாதா, காசை மட்டும் எண்ணி வாங்கினானே என்று அவன் வம்சத்தைத் தொட்டாள். புருஷனிடம் இதை உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்றாள், இன்றைக்காவது சோறு இறங்கும். மலர்க்கொடி பக்கத்தில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பிசைந்தாள்.

“நம்ம மேல ஒரு கொறை சொல்ல முடியாது” என்றாள் கண்ணாத்தாள். “வீடு கப்சிப்புன்னு இருந்துச்சா இல்லியா? ஒரு கோழி கொக்கரிச்சுதா?”

“இல்லம்மா.”

“நீ மறுபடி தேதி எடு. காரியம் முடியட்டும், அதுக்கப்புறம் எடு. அன்னிக்கி எதையும் நீ பாக்காத. அந்த ஜன்னல்கிட்ட நானே நிக்கிறேன். நீ எழுதி முடிக்கிற வரைக்கும் அந்தண்டை இந்தண்டை நகர மாட்டேன். ஒரு காக்கா வாயத் தொறக்காது.”

மலர்க்கொடி வற்றலைக் கடித்தாள். வெயில் நெல்லின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு தடவையாவது காலால் இழுத்துவிட வேண்டும்.

“சரிம்மா” என்றாள்.